மைலேஜ் காட்டி: வரலாறும் திருத்தும் முறையும்

மைலேஜ் காட்டி என்பது ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்பதை ஓட்டுபவருக்கு உடனுக்குடன் காட்டும் கருவி. எரிபொருள் சிக்கன அளவி என்றும் இது சொல்லப்படும். சில வண்டிகளில் இது ஒரு முள், சிலவற்றில் பச்சை விளக்கு, இன்றைய கார்களில் பெரும்பாலும் ஓர் எண். இக்கருவி தானாக ஒரு சொட்டு எரிபொருளையும் மிச்சப்படுத்துவதில்லை. ஓட்டுபவர் அதைப் பார்த்துத் தம் பழக்கத்தை மாற்றும்போதுதான் மிச்சம் ஏற்படுகிறது. கருவி தவறாகக் காட்டினால் பழக்கமும் தவறான பக்கம் மாறும். ஆகவே மைலேஜ் காட்டியின் வரலாறு, அது காட்டும் கணக்கைச் சரிபார்த்து வந்த வரலாறும் ஆகும்.

இந்தக் கணக்கு நேரடியாகப் பணமாக மாறும் ஊர்களில் ஒன்று காரைக்கால்மேடு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், காவிரிப் படுகை கடலைத் தொடும் கரையில் உள்ள மீனவ ஊர் இது. இங்கு எரிபொருள் இரண்டு வழிகளில் செலவாகிறது. கடலில் படகுக்கு டீசல், சாலையில் வண்டிக்குப் பெட்ரோல் அல்லது டீசல். சாலை வண்டிக்கு மைலேஜ் காட்டி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. படகுக்கு அந்தக் கணக்கை மீனவர்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

மைலும் கிலோமீட்டரும்

'மைலேஜ்' என்ற சொல் மைல் என்ற அளவிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் தூரத்தை மைலிலும் பெட்ரோலைக் கேலனிலும் அளந்தார்கள். ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்பதே வண்டியின் தகுதியாகப் பேசப்பட்டது. பிரிட்டிஷ் கேலன் ஒன்று 4.546 லிட்டர். கேலனுக்கு 30 மைல் ஓடும் கார் இன்றைய கணக்கில் லிட்டருக்கு 10.6 கி.மீ. கொடுக்கும்.

காரைக்காலின் நிலை வேறு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மெட்ரிக் அளவுமுறையை 1795இல் சட்டமாக்கிய நாடு பிரான்ஸ். எரிபொருள் செலவைப் பிரெஞ்சுக்காரர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்காமல், 100 கி.மீ. போக எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்றும் அதுவே வழக்கம்.

இந்தியா 1956இல் நிறைகள், அளவுகள் தரச் சட்டத்தை இயற்றிப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. மைலும் கேலனும் போயின. 'மைலேஜ்' என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?' என்ற கேள்வியில் கி.மீ. என்ற சொல்கூடத் தேவைப்படுவதில்லை.

எந்தப் பக்கமாகக் கேட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். சராசரி எடுக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒரு கார் 100 கி.மீ. தூரத்தை லிட்டருக்கு 10 கி.மீ. வீதத்திலும், அடுத்த 100 கி.மீ. தூரத்தை லிட்டருக்கு 20 கி.மீ. வீதத்திலும் ஓடியது என்று கொள்வோம். சராசரி 15 என்று சொல்லத் தோன்றும். முதல் பாதிக்கு 10 லிட்டர், அடுத்த பாதிக்கு 5 லிட்டர், ஆக 200 கி.மீ. தூரத்துக்கு 15 லிட்டர். உண்மையான சராசரி 13.3 கி.மீ. மட்டுமே. பிரெஞ்சு முறையில் 10 லிட்டர், 5 லிட்டர் என்ற இரண்டின் சராசரி 7.5 லிட்டர் என நேராக வந்துவிடும். மைலேஜ் காட்டியில் அவ்வப்போது தெரியும் எண்களை மனத்துக்குள் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வெற்றிட அளவி

எரிபொருள் சிக்கனம் தொடக்கத்தில் போட்டியாகவே பரவியது. அமெரிக்காவில் 1936இல் தொடங்கி, இரண்டாம் உலகப்போர் காலத்தில் நின்று, பின் 1968 வரை நடந்த சிக்கன ஓட்டப் போட்டிகளில், குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடிய காருக்கே வெற்றி. அவற்றில் முடிவு செய்தது முள் அன்று, டேங்கில் ஊற்றிய எரிபொருளின் அளவுதான்.

ஓடும்போதே பார்க்கக்கூடிய முதல் எளிய கருவி வெற்றிட அளவி. பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று செல்லும் வழியில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் மூடும். தகடு மூடியிருக்கும்போது எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க, தகட்டுக்கு அப்பால் அழுத்தம் குறைகிறது. இதை அங்குலப் பாதரச அளவில் காட்டுவதே வெற்றிட அளவி. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் வண்டி நிற்கும்போது ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலம் காட்டும். முழுதாக மிதித்தால் முள் சுழியை நெருங்கும். முள் உயரத்தில் நின்றால் சிக்கனம், தாழ்ந்தால் வீண்செலவு என்பது அதன் பாடம்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை 1974 தொடக்கத்தில் ஏறக்குறைய 12 டாலரைத் தொட்டது. அதன்பின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இத்தகைய அளவி 'சிக்கனம்' என்ற பெயரோடு பொருத்தப்பட்டது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை ஏறியது. அதை எதிர்த்து 1973 நவம்பரில் அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்றது அக்காலத்தின் நினைவில் நிற்கும் காட்சி.

வெற்றிட அளவிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது எஞ்சின் மீதுள்ள சுமையைக் காட்டுகிறதே தவிர எரிபொருளை அளப்பதில்லை. மூன்றாவது கியரில் லேசாக மிதித்து எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால் முள் உயரத்தில் நிற்கும். அதே வேகத்தில் நான்காவது கியருக்கு மாற்றிச் சற்று அதிகம் மிதித்தால் முள் தாழும். ஆனால் செலவு குறைவது பெரும்பாலும் நான்காவது கியரில்தான். முள்ளை மட்டும் நம்பினால் தவறான கியரில் ஓட்ட நேரிடும். இரண்டாவது, டீசல் எஞ்சினில் பொதுவாக இத்தகைய தடுப்புத் தகட்டால் சக்தியைக் கட்டுப்படுத்துவதில்லை. உட்செலுத்தப்படும் டீசலின் அளவே சக்தியைத் தீர்மானிக்கிறது. ஆகவே டீசல் வண்டிக்கும் படகுக்கும் இந்த அளவி பயன்படவில்லை.

இந்தியச் சாலைகளில் சிக்கனம்

எண்ணெய் நெருக்கடியின் தொடர்ச்சியாக 1976இல் இந்திய அரசு பெட்ரோலியச் சிக்கனத்துக்கென ஒரு செயற்குழுவை ஏற்படுத்தியது. 1978இல் அது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமாக மாறியது. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், கிளட்ச் மீது காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், சிக்னலில் எஞ்சினை நிறுத்துங்கள் ஆகிய அறிவுரைகளைப் பரப்பியது இந்த அமைப்பே. அன்றைய இந்தியக் கார்களில் மைலேஜ் காட்டி இல்லாததால், கடைப்பிடித்தவர் பலனை உடனே காண வழி இருக்கவில்லை.

வண்டிகளே மாறத் தொடங்கியது 1980களில். ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கார் ஒப்படைக்கப்பட்டது. அதன் எஞ்சின் 796 கன செ.மீ.; அம்பாசடரின் எஞ்சினில் ஏறக்குறைய பாதி. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, நான்கு வீச்சு எஞ்சினின் சிக்கனத்தையே விளம்பரமாக்கியது. மைலேஜ் என்ற சொல் நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் கலந்த காலம் இது.

இருசக்கர வண்டிகளில் சிக்கனம் காட்டும் விளக்கு பின்னர் வந்தது. 2013இல் வெளியான டி.வி.எஸ். ஜூபிடர் ஸ்கூட்டரில், சிக்கனமாக ஓட்டும்போது பச்சை விளக்கு எரியும். எண் எதுவும் இல்லாத இந்த விளக்கு, வெற்றிட அளவி சொல்ல முயன்றதையே எளிய வடிவில் சொல்கிறது.

அரசின் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் மைலேஜ் மீதான அக்கறையைக் கூட்டியது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. அடுத்த மாதம் தொடங்கிய சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோலும் டீசலும் சேர்க்கப்படாததால், ஒவ்வொரு மாநிலமும் ஒன்றியப் பகுதியும் தனித்தனி வரி விதிக்கின்றன. காரைக்காலில் விலை குறைவு என்று நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்து நிரப்பிச் செல்வது இதனால்தான்.

இதற்காகவே வருவது எப்போது இலாபம் என்பதற்கும் மைலேஜ் கணக்கு வேண்டும். லிட்டருக்கு 5 ரூபாய் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 30 லிட்டர் நிரப்புபவருக்கு 150 ரூபாய் மிச்சம். நாகப்பட்டினத்திலிருந்து வந்து போக ஏறக்குறைய 40 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் காருக்கு 2.2 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 220 ரூபாய். வேறு வேலையாக வருபவருக்கே இலாபம்.

கணினி போடும் கணக்கு

கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் உட்செலுத்தும் முறை பிடித்தபோது மைலேஜ் காட்டி உண்மையில் அளக்கத் தொடங்கியது. எவ்வளவு காற்று உள்ளே செல்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, உட்செலுத்தி எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பவை எஞ்சின் கணினிக்கு எப்போதும் தெரியும். அந்தத் தகவலைக் கொண்டு எரிபொருளைக் கணக்கிடலாம். பயணக் கணினி என்ற பெயரில் 1978இலேயே காடிலாக் செவில் காரில் இத்தகைய வசதி வந்தது.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஒரே வகையான 16 முனை இணைப்பு கட்டாயமானது. பழுதைக் கண்டறிய ஏற்பட்ட இந்த இணைப்பு, எஞ்சின் தகவலைப் படிக்கவும் உதவியது. இந்தியாவில் இந்த முறையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு வந்தன. இந்த இணைப்பில் செருகும் சிறு கருவியோ, புளூடூத் வழியாகக் கைபேசியோடு பேசும் கருவியோ இருந்தால், மைலேஜ் காட்டி இல்லாத காரிலும் அதைப் பெறலாம்.

கணக்கு இப்படி நடக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று தேவை. நொடிக்கு 10 கிராம் காற்று உள்ளே செல்வதாக உணரி சொன்னால், பெட்ரோல் நொடிக்கு 0.68 கிராம். மணிக்கு ஏறக்குறைய 2.45 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம் என்று கொண்டால் மணிக்கு 3.3 லிட்டர். கார் அப்போது 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் லிட்டருக்கு 18 கி.மீ.

இந்த எண்ணில் பல ஊகங்கள் உள்ளன. பல சிறிய கார்களில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் உணரி இருப்பதில்லை. உள்வழி அழுத்தம், காற்றின் வெப்பநிலை, எஞ்சின் சுழற்சி, எஞ்சினின் கொள்ளளவு ஆகியவற்றிலிருந்து கருவி காற்றை ஊகிக்கிறது. டீசல் எஞ்சினில் காற்றுக்கும் எரிபொருளுக்கும் நிலையான விகிதம் கிடையாது. ஆகவே காற்றை மட்டும் கொண்டு கணக்கிடும் கருவி டீசல் காரில் பெரிதும் தவறும். உட்செலுத்தும் அளவையே எஞ்சின் கணினி தந்தால்தான் கணக்குச் சரியாகும்.

அளவியைத் திருத்துதல்

வாங்கிச் செருகியவுடன் வரும் எண் ஒரு தொடக்கம்தான். அதை நம்பத்தக்கதாக்கப் பின்வரும் வரிசை உதவும்.

1. எரிபொருள் வகை, எஞ்சின் கொள்ளளவு, டேங்கின் கொள்ளளவு ஆகியவற்றைச் சரியாகப் பதிய வேண்டும். 1197 கன செ.மீ. எஞ்சினுக்கு 1.2 லிட்டர் என்று பதிவது வழக்கம்.

2. டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். பின்னால் மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

3. தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களையோ கைபேசியின் செயற்கைக்கோள் வழிகாட்டியையோ வைத்து 10 அல்லது 20 கி.மீ. ஓட்டிப் பார்க்கலாம். தேய்ந்த டயரும் அளவு மாற்றிய டயரும் தூரக் கணக்கைப் பிறழச் செய்யும்.

4. ஒரு பங்கில், ஒரே நாசிலில், அது தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அதற்குமேல் உலுக்கி ஊற்றக் கூடாது. கருவியைச் சுழியில் வைத்துவிட்டு, டேங்கில் பாதிக்கு மேல் தீரும்வரை வழக்கம்போல் ஓட்ட வேண்டும்.

5. அதே நாசிலில் அதே போல் மீண்டும் நிரப்பி, பங்க் காட்டும் லிட்டரையும் கருவி காட்டும் லிட்டரையும் ஒப்பிட வேண்டும். கருவி 18.4 என்றும் பங்க் 20.0 என்றும் காட்டினால், கருவியின் கணக்கை 8.7 விழுக்காடு கூட்ட வேண்டும்.

6. இரண்டு மூன்று முறை நிரப்பிய பிறகே திருத்தத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஒருமுறை அரை லிட்டர் கூடுதலாக ஏறினாலும் கணக்கு மாறிவிடும்.

காரிலேயே வரும் மைலேஜ் காட்டியில் இந்தத் திருத்தத்தை உரிமையாளர் செய்ய பெரும்பாலும் இடமில்லை. அப்போது திருத்த விகிதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, காட்டும் எண்ணை அதனால் வகுத்துப் பார்க்கலாம். மேலே கண்ட எடுத்துக்காட்டில் காட்டி 20 என்று காட்டினால், 1.087ஆல் வகுக்க உண்மை 18.4 கி.மீ.

இதற்குக் காரைக்கால் கரையோரச் சாலைகள் பொருத்தமானவை. படுகை நிலம் சமதளம். ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஊரில் மைலேஜ் மாறினால் அது மேட்டாலா, ஓட்டும் முறையாலா என்று பிரித்தறிவது கடினம். இங்கு எஞ்சியிருப்பது காற்று. கொண்டல் வீசும் பிற்பகலைத் தவிர்த்துக் காலையில், ஒரே சாலையில் போய்த் திரும்பி, இரண்டின் சராசரியைக் கொண்டால் காற்றின் தாக்கமும் பெருமளவு நீங்கும்.

காட்டி திருத்தும் பழக்கங்கள்

திருத்திய காட்டி முதலில் பொய்யாக்குவது ஒரு பழைய பழக்கத்தை. கார்புரேட்டர் காலத்தில், சரிவிலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் தள்ளி உருளவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று ஓட்டுநர்கள் நம்பினார்கள். எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சினில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எஞ்சின் கணினி எரிபொருளை அடியோடு நிறுத்துகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் தள்ளினால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் தொடர்ந்து செல்லும். காட்டியில் இவ்வேறுபாடு உடனே தெரியும். நியூட்ரலில் எஞ்சினின் பிடி இல்லாததால் அது ஆபத்தான பழக்கமும்கூட.

இரண்டாவது வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 60இலிருந்து 90க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. காற்றுத் தடை இரண்டேகால் மடங்கு. மூன்றாவது, முன்கூட்டியே காலை எடுப்பது. வேகத்தடைக்கு அருகில் சென்று பிரேக் போடுபவர் எரித்த எரிபொருளை வெப்பமாக வீணாக்குகிறார்.

பார்க்க வேண்டிய எண் பயணச் சராசரி. உடனடி எண், காலை எடுத்ததும் 99 என்றும் கிளம்பும்போது 4 என்றும் துள்ளும். அதையே உற்றுப் பார்த்தபடி ஓட்டுவது கவனத்தைச் சாலையிலிருந்து திருப்பும்.

படகில் அதே கணக்கு

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பரவலானதில் 1952இல் ஒப்பந்தமாகிக் கேரளத்தில் தொடங்கிய இந்திய நார்வேத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் விசைப்படகுகள் வந்த பிறகும் கட்டுமரம் நெடுங்காலம் நீடித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்கால்மேடு உள்ளிட்ட ஊர்களைத் தாக்கியது. அதன்பின் இக்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகள் பிடித்தன. பாயும் துடுப்பும் செய்த வேலைக்கு எரிபொருள் தேவையாயிற்று.

படகில் டீசல் செலவு உரிமையாளரோடு முடிவதில்லை. இக்கரையின் பங்கு முறையில், மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ் முதலிய கடல் செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தையே உரிமையாளரும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே வீணாகும் டீசல் படகில் ஏறிய ஒவ்வொருவரின் பங்கையும் குறைக்கிறது. மீன்பாடு குறைந்த நாளில் இது இன்னும் கடுமையாகத் தெரியும்.

1979 முதல் சென்னையை மையமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி நார்வே நாட்டு ஆய்விந்த் குல்பிராண்ட்சன் எழுதிய அறிக்கையை 1986இல் வெளியிட்டது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2012இல் அவருடைய கையேடு ஒன்றையும் வெளியிட்டது. இவற்றின் முதன்மையான அறிவுரை வேகத்தைக் குறைப்பது.

நீரைத் தள்ளிச் செல்லும் படகில் எஞ்சினுக்குத் தேவையான சக்தி, ஏறக்குறைய சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. சுழற்சியை 80 விழுக்காடாகக் குறைத்தால் சக்தி ஏறக்குறைய பாதியாகிறது. மணிக்கு 30 லிட்டர் எரித்து 8 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு, 16 கடல் மைல் போக 2 மணி நேரத்தில் 60 லிட்டர் எரிக்கும். வேகத்தை 6.4 ஆகக் குறைத்தால் மணிக்குச் சுமார் 15.4 லிட்டர், 2 மணி 30 நிமிடத்தில் 38.5 லிட்டர். அரை மணி நேரத் தாமதத்துக்கு ஈடாக 21 லிட்டருக்கு மேல் மிச்சம். உண்மைப் படகில் அடிப்பகுதியில் ஒட்டிய பாசி, சிப்பி, சுழலியின் அளவு, காற்று, நீரோட்டம் ஆகியவை இந்த எண்ணை மாற்றும். ஆகவே ஒவ்வொரு படகும் தனக்குரிய எண்ணைத் தானே அளந்துகொள்வது நல்லது.

அதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. லிட்டர் குறியிட்ட கேன் ஒன்றிலிருந்து எஞ்சினுக்கு டீசலைக் கொடுத்து, ஒரே சுழற்சியில் 10 நிமிடம் ஓட்டி, குறைந்த அளவைப் பார்த்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். டீசல் எஞ்சின் எரித்தது போக மீதியைத் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே அனுப்பும். அந்தக் குழாயையும் அதே கேனில் விட வேண்டும். இல்லாவிட்டால் எரியாத டீசலும் எரிந்ததாகக் கணக்கில் சேரும். விற்பனையில் உள்ள டீசல் ஓட்ட அளவிகள் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் அளப்பது இதனால்தான்.

மணிக்கு ஆன லிட்டரை, செயற்கைக்கோள் வழிகாட்டி காட்டும் வேகத்தால் வகுத்தால், ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பது தெரியும். நான்கைந்து சுழற்சி நிலைகளில் இப்படி அளந்து ஓர் அட்டையில் எழுதி எஞ்சின் அருகில் ஒட்டினால், அதுவே அந்தப் படகின் மைலேஜ் காட்டி. ஆழமற்ற நீரிலும் அலை மிகுந்த நாளிலும் அளந்த எண்ணை அட்டையில் ஏற்றக் கூடாது. வானிலை மோசமாகும்போது கரை சேர்வதே முதன்மை. சிக்கனத்துக்காக அப்போது வேகத்தைக் குறைப்பதோ, கையிருப்பு டீசலைக் குறைத்து எடுத்துச் செல்வதோ கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலம், படகின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் சுழலியைச் சரிபார்க்கவும் ஏற்றது. தடை நீங்கிக் கடலில் இறங்கியதும் மீண்டும் அளந்தால், அந்த வேலையால் எவ்வளவு டீசல் மிச்சம் என்பதும் தெரிந்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

சாலை வண்டிகளின் மைலேஜ் காட்டிக்கு அண்மையில் வந்த சோதனை எத்தனால். இந்தியாவில் பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2025இல் எட்டப்பட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கை, பழைய வடிவமைப்பிலான நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் மைலேஜ் குறையலாம் என்று கூறியது.

கருவியின் கணக்கும் இதனால் பிறழும். எத்தனால் எரிய எடையில் 9 மடங்கு காற்றே போதும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.7 அன்று, ஏறக்குறைய 13.5. பழைய விகிதத்திலேயே கணக்கிடும் கருவி, எரிந்த எரிபொருளைச் சுமார் 7 விழுக்காடு குறைத்துக் காட்டும். உண்மை மைலேஜ் குறையும்போது காட்டி அதை மறைத்துவிடும். முன்பு திருத்தி வைத்த கருவியையும் மீண்டும் பங்க் அளவோடு ஒப்பிட வேண்டியது இதனால் கட்டாயமாகிறது.

முடிவு

வெற்றிட அளவி சுமையைப் பார்த்துச் செலவை ஊகித்தது. பச்சை விளக்கு நல்லதா கெட்டதா என்று மட்டும் சொன்னது. கணினி எண்ணாகச் சொல்கிறது. ஆயினும் காற்று, எரிபொருள், டயர் பற்றிய ஊகங்கள் அதனுள் உள்ளன. மூன்றுக்கும் இறுதிச் சான்று நிரப்பிய லிட்டரும் கடந்த தூரமும்தான். 1930களின் சிக்கன ஓட்டப் போட்டியில் நடுவர்கள் செய்ததை, காரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டும் படகில் குறியிட்ட கேனைக் கொண்டும் யாரும் செய்ய முடியும். காரைக்கால்மேட்டுப் படகில் அப்படி மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் அன்றைய பங்கில் ஏறிப் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது.